பட்டம் வாங்குவதற்குள் 21: இது ஆசையா, வருகைப் பதிவேடா?

வைகைக்கரை (திரியைத் தொடங்கியவர்)

மதுரையில் இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு. முதலாண்டில் மழை விடாமல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுதி அறையில் உட்கார்ந்து, ஆய்வக நோட்டின் கடைசிப் பக்கத்தில் "பட்டம் வாங்குவதற்குள்" என்று தலைப்பிட்டு 21 காரியங்களை எழுதினேன். எட்டு முடிந்துவிட்டன, பதின்மூன்று பாக்கி.

முடிந்தவற்றில் பெரியது, சித்திரைத் திருவிழாவில் அழகர்கோயிலிலிருந்து அழகரோடு மதுரைவரை நடந்து வந்தது. இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் ஒவ்வொரு மண்டகப்படியிலும் அழகர் நின்று நின்று வருவதால் கால் ஓய்ந்துவிட்டது. ஆச்சியிடம் தாலாட்டுகளைக் கேட்டுப் பதிவு செய்துவிட்டேன். ஒப்பாரி மட்டும் பாட மறுத்துவிட்டாள். "உயிரோடு இருக்கிற வீட்டில் பாடுகிற பாட்டா அது" என்று திட்டு வேறு.

பாக்கி இருப்பவை: மதுரை பக்கத்து மாங்குளம் மலையில், தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் உள்ள ஒரு கல்வெட்டையாவது யார் துணையும் இல்லாமல் எழுத்துக்கூட்டிப் படிப்பது. தெருக்கூத்து ஒன்றை விடிய விடியக் கண் அசராமல் பார்ப்பது. சித்தன்னவாசல். அகத்தியமலை. மார்கழியில் மூன்று நாள் சென்னை சபாக்கள். ரோஜா முத்தையா நூலகத்தில் ஆச்சி பிறந்த வருடத்துப் பத்திரிகை ஒன்றைப் புரட்டுவது. பறையில் ஓர் அடியாவது கற்பது. இன்னும் சில.

நேற்று அறைத்தோழி நோட்டைப் பார்த்துவிட்டு, "நீ பார்க்கப் போகிறாயா, கோடு கிழிக்கப் போகிறாயா?" என்று கேட்டாள். சட்டென்று பதில் வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள். தயவு பார்க்க வேண்டாம்.

முகவீணை

தயவு பார்க்க வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டதால் நேராகவே வருகிறேன். உங்கள் தோழி சொன்னதுதான் சரி.

நான் செய்யாற்றுப் பக்கம். தாத்தா கூத்தில் முகவீணை என்கிற சிறிய ஊதுகருவி வாசித்தவர், பெரியப்பா பெண் வேடம் கட்டியவர். "விடிய விடியக் கண் அசராமல்" என்ற வரியைப் படித்ததும் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் கூத்து பார்க்கிற யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. கோமாளியான கட்டியங்காரன் வரும்போது சிரிப்பார்கள், இரண்டு மணிக்குப் பாயில் சாய்ந்துவிடுவார்கள், துகிலுரியும் கட்டம் வரும்போது பக்கத்தில் இருப்பவர் தட்டி எழுப்புவார். உடனே எழுந்து கைகூப்புவார்கள். குழந்தைகள் தூக்கத்திலேயே பாதி பாரதம் கேட்டு வளர்கின்றன. கண் அசராமல் இருப்பது கூத்துக்கான தகுதி இல்லை. அது இரவுக் காவலாளிக்கான தகுதி.

அடுத்து, எந்தக் கூத்து? திரௌபதி அம்மன் கோயில் பாரத விழா என்றால் பகலில் மகாபாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று நாள்கணக்கில் போகும். அர்ச்சுனன் தபசு அன்று நடிகர் உயரமான தபசு மரத்தில் ஏறி மேலிருந்து எலுமிச்சம்பழம் வீசுவார். அதற்காகவே பிள்ளைவரம் கேட்டுப் பெண்கள் காத்திருப்பார்கள். கடைசி நாள் காலையில் துரியோதனன் மண்ணுருவமாகத் தரையில் கிடப்பான், படுகளம். இதில் ஒரே ஓர் இரவை வெட்டியெடுத்துக் கோடு கிழித்துவிட்டால் எதைப் பார்த்ததாக அர்த்தம்? போதாக்குறைக்கு, கர்ண மோட்சத்தை எங்கள் பக்கம் சாவு வீட்டுக் காரியத்துக்கும் ஆடுவார்கள். அங்கேயும் நோட்டோடு வந்து உட்காருவீர்களா?

உங்களைப் புண்படுத்தச் சொல்லவில்லை. இரண்டு மூன்று வருடங்களாகக் கேமராவோடு வருகிற கூட்டம் கூடிக்கொண்டே போகிறது. வேடம் கட்டியவர் திரைக்குப் பின்னாலிருந்து முதலில் வருகிற திரைப்பிரவேசத்தைப் படம் பிடித்ததும் கிளம்பிவிடுகிறார்கள். நடிகர் முகம் எழுதி முடிக்க எத்தனை நேரம் ஆகிறது என்றுகூட அவர்களில் யாரும் கேட்பதில்லை.

தபால்காரர் ஓய்வு

தம்பி முகவீணைக்கு வணக்கம். சொன்னதில் பாதி நியாயம். மீதிப் பாதிக்கு என் கதையையே சொல்கிறேன்.

நான் புதுக்கோட்டையில் படித்தவன், பிறகு அதே மாவட்டத்தில் வேலை. சித்தன்னவாசல் பதினைந்து, பதினாறு கிலோமீட்டர்தான் இருக்கும். கைகாட்டிப் பலகையைத் தாண்டி எத்தனை ஆயிரம் முறை பஸ்ஸில் போயிருப்பேன் என்று கணக்கில்லை. "எங்கே போய்விடப் போகிறது, ஒரு நாள் பார்க்கலாம்" என்றே இருந்தேன். கடைசியில் எந்த வயதில் போனேன் தெரியுமா? 52. அதுவும் வெளியூரிலிருந்து வந்த மருமகன் கேட்டதால்.

உள்ளே விதானத்தில் தாமரைக் குளம். யானை, மீன், அன்னம், கையில் தாமரைத் தண்டு பிடித்த ஆள்கள். ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து ஓவியம் என்று அங்கிருந்தவர் விளக்கினார். பாதி உதிர்ந்துவிட்டது. சில இடங்களில் எந்தப் புண்ணியவானோ பெயரைக் கீறி வைத்திருக்கிறான். இருபது வயதில் வந்திருந்தால் இதைவிட முழுசாகப் பார்த்திருப்பேனே என்று அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. குன்றின் மறுபக்கம் ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்களின் படுக்கைகள் இருக்கின்றன. பாறையில் செதுக்கிய கால்தடங்களைப் பிடித்துத்தான் போக வேண்டும். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, பாதியில் திரும்பினேன்.

ஆகவே அம்மா வைகைக்கரை, கோடு கிழிக்கவாவது போ. என்னைப் போலக் கோடும் இல்லாமல், போகவும் இல்லாமல் இருக்காதே.

கணக்குப்பிள்ளை

எல்லோரும் உணர்ச்சிவசப்படுகிறீர்கள். கணக்கைப் பார்ப்போம். கையில் ஏழெட்டு மாதங்கள், பதின்மூன்று காரியங்கள். இடையில் இரண்டு பருவத் தேர்வுகள், செய்முறைத் தேர்வு, மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு. அகத்தியமலைக்குக் கேரள வனத்துறை அனுமதிச் சீட்டு ஜனவரியை ஒட்டித்தான் கிடைக்கும், இணையத்தில் திறந்ததும் தீர்ந்துவிடும், போய் வர மூன்று நாள். மார்கழி சபாவும் ஏறக்குறைய அதே சமயம். செலவு யார் கொடுப்பது? அப்பாவா?

பட்டியல் போடுவதே ஒரு சுகம். வேலை செய்த மாதிரி ஒரு திருப்தி வந்துவிடும். நானும் கல்லூரியில் போட்டேன், 40 இருந்தது. முடித்தது மூன்று. அதில் ஒன்று மீசை வளர்ப்பது.

வைகைக்கரை

மீசையைப் பட்டியலில் சேர்க்கவில்லை ஐயா, மன்னியுங்கள்.

செலவைப் பற்றி: முடித்த எட்டில் ஐந்துக்கு நான் பஸ்ஸுக்குக் கொடுத்தது பூஜ்யம். அரசின் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. கீழக்குயில்குடி சமணர் மலை, அழகர்கோயில் எல்லாம் அப்படித்தான் போய் வந்தேன். அதே சமணர் மலையில் இருக்கிற செட்டிப்பொடவு குகைக்குச் சாப்பாட்டு டப்பாவோடு போனோம், அவ்வளவுதான்.

முகவீணை அண்ணாவுக்கு ஒன்று. உங்கள் கோபம் புரிகிறது. நீங்கள் கூத்து நடக்கிற வீட்டில் பிறந்தவர், பாயில் படுத்துக்கொண்டே கேட்டு வளர்ந்தவர். எங்கள் விடுதிக் கதவு மாலை ஆறரைக்குப் பூட்டப்படும். வெளியே தங்க வேண்டுமென்றால் எங்கே, எதற்கு, யாரோடு என்று கடிதம் எழுதி, வீட்டிலிருந்து ஒருவர் தொலைபேசியில் ஒப்புக்கொள்ள வேண்டும். "சும்மா ஓர் ஊருக்குப் போய் ஓர் இரவு உட்கார்ந்திருக்க வேண்டும்" என்று எழுதினால் கையெழுத்து விழுமா? "தெருக்கூத்து, பாரத விழா, எட்டாம் எண்" என்று எழுதினால் காப்பாளர் குறைந்தபட்சம் நிமிர்ந்து பார்க்கிறார். பையன்களுக்கு ஆசை போதும். எங்களுக்குக் காரணம் வேண்டியிருக்கிறது. அந்தக் காரணங்களைத்தான் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன்.

அகத்தியமலையைச் சேர்த்ததற்கும் ஒரு காரணம் உண்டு. கேரள உயர்நீதிமன்றம் 2018இல் தீர்ப்புச் சொல்லும்வரை பெண்களுக்கு அந்த உச்சிக்கு அனுமதி கிடையாது. அதன் பிறகு முதல் பெண்ணாக 2019 ஜனவரியில் தன்யா சனல் ஏறினார். 1,868 மீட்டர் உயரம் அப்படி ஒன்றும் அதிகமில்லை, தொட்டபெட்டா இதைவிட உயரம். ஆனால் தொட்டபெட்டாவுக்கு ஜீப் போகிறது, அதற்காக யாரும் வழக்குப் போட வேண்டியிருக்கவில்லை.

நடுக்களம்

குறுக்கே ஒரு கேள்வி. 21இல் பழையது அல்லாதது ஏதாவது இருக்கிறதா? கல்வெட்டு, ஓவியம், கூத்து, பழைய பத்திரிகை. உங்கள் காலத்துக் கலை எதுவும் கண்ணில் படவில்லையா? இயற்பியல் படிக்கிறீர்கள், கொடைக்கானல் சூரிய ஆய்வகம் பக்கத்திலேயே இருக்கிறது. 1901இலிருந்து சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும் இடம்.

வைகைக்கரை

ஆறாம் எண். முதலாண்டிலேயே முடிந்துவிட்டது. சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதைக் காட்டும் எவர்ஷெட் விளைவை 1909இல் கண்டறிந்த இடம் என்று பாடத்தில் வந்ததால் வகுப்பே போயிற்று. என் பட்டியலில் நான் உண்மையாகவே கோடு கிழிக்க மட்டும் போனது அது ஒன்றுதான். மேகம் மூடிக்கொண்டது, சூரியனையே பார்க்கவில்லை.

எழுத்தாணி

நான் கல்வெட்டுப் பக்கத்து ஆள், முதுகலை வரலாறு. தங்கையின் மாங்குளம் சவாலைப் பற்றி மட்டும் பேசுகிறேன். இந்தத் திரியில் இரண்டு கட்சியும் அதைத் தவறாகப் பிடித்திருப்பதாகப் படுகிறது.

மாங்குளத்தை ஒட்டிய மீனாட்சிபுரத்து மலையில் அந்தக் கல்வெட்டுகளை ராபர்ட் சிவெல் 1882இல் கவனித்தார். அந்த வகைக் குகைக் கல்வெட்டுகளில் இருப்பது தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் நிறுவியபோது 1924 ஆகிவிட்டது. மாங்குளம் கல்வெட்டில் வரும் பாண்டியன் நெடுஞ்செழியனை ஐராவதம் மகாதேவன் அடையாளம் காட்டியது 1960களில். பெரிய படிப்பாளிகளுக்கே எண்பது வருடம் பிடித்ததை நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எழுத்துக்கூட்டிவிடுவீர்களா? முகவீணை இப்படிக் கேட்டிருந்தால் நான் அவர் பக்கம் நின்றிருப்பேன்.

ஆனால் முடியும். காரணம், அவர்கள் பாதையைப் போட்டு வைத்துவிட்டார்கள். எழுத்துகளைக் கற்க ஒரு வாரம் போதும். ழ, ள, ற, ன நான்குக்கும் தமிழி தனி வடிவம் வைத்திருக்கிறது, முதலில் அவற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிக்கல் எழுத்தில் இல்லை. மெய்க்குப் புள்ளி கிடையாது, சொல்லுக்கு நடுவே இடைவெளி கிடையாது. பாறையின் இயற்கைக் கீறல் எது, உளி பட்ட கீறல் எது என்று முதலில் தெரியாது. காலை வெயில் சாய்வாக விழும்போது தெரிகிற கோடு உச்சி வெயிலில் காணாமல் போய்விடும். நான் முதல் தடவை போனபோது ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்து ஒரே ஒரு "ணி" படித்தேன். அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் இல்லை, எரிச்சலில்.

அதற்குப் பிறகு நான்கு தடவை போயிருக்கிறேன். என் பட்டியலில் "மாங்குளம்" என்றுதான் இருந்தது, "மாங்குளம் ஐந்து தடவை" என்று இல்லை. ஐந்து தடவை போக வைத்ததும் அந்த ஒற்றை வரிதான். இதற்கு முகவீணை என்ன சொல்கிறார்?

முகவீணை

நீங்கள் ஐந்து தடவை போனவர். நான் பேசியது ஒரு தடவை போகிறவர்களைப் பற்றி.

விடுதிக் கதவு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். என் தங்கை கல்லூரிக்குப் போன நாளிலிருந்து கூத்துக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று நானும் கேட்டதில்லை.

இருந்தாலும் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். "கண் அசராமல்" என்பதை எடுத்துவிடுங்கள். அது கூத்தைப் பற்றிய வரியே இல்லை, உங்கள் வீரத்தைப் பற்றிய வரி. பறையில் "ஓர் அடியாவது" என்பதும் அப்படித்தான். சாவுக்கு அடித்தவர்களை ஊர் எப்படி நடத்தியது என்று தெரிந்துகொள்ளாமல் அடியை மட்டும் கற்று மேடையில் ஆடுவது எனக்குச் செரிக்கவில்லை.

கணக்குப்பிள்ளை

அப்படிப் பார்த்தால் எதையுமே தொட முடியாது. சங்கீதம் கேட்கப் போகிறவர் முதலில் சபாவின் வரலாற்றைத் தேர்வெழுதித் தேற வேண்டுமா? (நான் பட்டியலுக்கு எதிர்க்கட்சி என்பதை மறந்து பேசுகிறேன், பரவாயில்லை.)

முகவீணை

சபாவில் வாசிப்பவரை யாரும் ஊருக்கு வெளியே குடிவைக்கவில்லை ஐயா.

வைகைக்கரை

பறையைப் பற்றிச் சொன்னதை மறுக்க எனக்கு வாய் இல்லை. வகுப்பில் ஒரு பையன் நன்றாக அடிப்பான். "கற்றுக்கொடு" என்று கேட்டபோது அவன் சிரித்துவிட்டு, "எங்கள் தெருவுக்கு வருவாயா?" என்றான். நான் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். அன்றைக்கு அது வேடிக்கையாகத்தான் பட்டது. அந்த எண்ணை அடிக்கவில்லை, ஆனால் "ஓர் அடியாவது" என்பதை அடித்துவிட்டு அவன் கேட்ட கேள்வியை எழுதியிருக்கிறேன்.

எட்டாம் எண்ணில் "கண் அசராமல்" நீங்கிவிட்டது. இப்போது வெறும் "பாரத விழா" மட்டும். அண்ணா, எப்போது வந்தால் சரியாக இருக்கும்? பெண்கள் தனியாக வந்தால் எங்கே உட்காருவது?

முகவீணை

பங்குனியில் தொடங்கி ஆடிவரை ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் நடந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் என்றால் அர்ச்சுனன் தபசுக்கு வராதீர்கள், கூட்டத்தில் ஒன்றும் தெரியாது. சாதாரணமான ஒரு நாளில், இரவு ஒன்பதுக்கே வந்துவிடுங்கள். ஒப்பனை போடுகிற இடத்தில் அனுமதி கேட்டு உட்காருங்கள், கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். அரிதாரம் குழைத்து முகம் எழுதுவதையும் கிரீடம் கட்டுவதையும் பார்த்தால் பாதிக் கூத்து அங்கேயே முடிந்த மாதிரி. மூன்று மணிக்குப் பனி இறங்கும், போர்வை அவசியம். அம்மா எப்போதும் மத்தளக்காரருக்கு நேர் எதிரே, பெண்கள் பக்கம் பாய் விரிப்பார். இடம் இருக்கும். தூக்கம் வந்தால் தூங்குங்கள், எழுப்பிவிடுவார்.

கணக்குப்பிள்ளை

பங்குனி என்றால் மார்ச் பாதிக்கு மேல். செய்முறைத் தேர்வு என்றைக்கு என்று பார்த்தாயா?

வைகைக்கரை

பார்த்தேன் ஐயா. பங்குனி இரண்டாவது வாரம். முகவீணை அண்ணா, ஆனியில் எந்த ஊரில்?