சின்ன வயதிலிருந்து தேனீ வளர்க்கிறேன், இதைத் தொழிலாக்கலாமா?

கேள்வி:
தாத்தா பெட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று தேனீக்களுக்குப் புகை போட்டுக் கொடுத்ததில் ஆரம்பித்தது, அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். அந்த மெழுகு வாசனை இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. இப்போது சொந்தமாக நான்கு பெட்டிகள் வைத்திருக்கிறேன், வீட்டுக்குப் போக மிஞ்சுவதைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். ஆனால் போன தடவை எடுத்த தேனில் சில பாட்டில்கள் அடியில் சர்க்கரை மாதிரி உறைந்துவிட்டன, சிலவற்றில் மேலே நுரை தட்டிப் புளித்தே போய்விட்டது. வாங்கியவர் ஒருவர் கலப்படம் என்று சொல்லிவிட்டார். ஒரு சொட்டு எதுவும் சேர்க்காமல் கொடுத்தவனுக்கு அதைக் கேட்க எப்படி இருக்கும்! எங்கே தப்பு, இன்னும் எத்தனை பெட்டி வேண்டும்?

பதில் 1:
பெட்டிக் கணக்கை அப்புறம் பார்க்கலாம், முதலில் எப்போது தேன் அடையை எடுத்தீர்கள் என்று யோசியுங்கள். பூவிலிருந்து வரும்போது மதுவில் பெரும்பகுதி தண்ணீர்தான், தேனீக்கள் இறக்கையால் விசிறி விசிறி அதை 20 சதவீதத்துக்கும் கீழே இறக்கிய பிறகுதான் அறையை மெழுகால் மூடும். மூடாத அடையைப் பிழிந்தால் அது பழுக்காத தேன், புளிக்கத்தான் செய்யும். முக்கால்வாசிக்கு மேல் மூடியிருக்கும் சட்டத்தை (அடை கட்டியிருக்கும் மரச்சட்டம்) மட்டும் எடுங்கள். சந்தேகம் இருந்தால் சட்டத்தைப் படுக்கவைத்து ஒரு உதறு உதறுங்கள், சொட்டினால் திரும்ப உள்ளே வைத்துவிடுங்கள். விற்கப்போகிறீர்கள் என்றால் ஈரப்பதம் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று கட்டாயம் வாங்குங்கள், 18 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். எடுத்த தேனைத் திறந்தும் வைக்காதீர்கள், காற்றில் இருக்கும் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும்.

பதில் 2:
உறைவது குற்றமே இல்லை. குளுக்கோஸ் அதிகமுள்ள தேன் சீக்கிரம் உறையும், எந்தப் பூ என்பதைப் பொறுத்தது. ஆனால் ஒன்று, குளுக்கோஸ் உறைந்து அடியில் தங்கும்போது மேலே நிற்கும் தேனில் தண்ணீர் விகிதம் கூடிவிடும், ஏற்கெனவே ஈரமான தேன் அப்போதுதான் புளிக்கிறது. உங்களுக்கு நடந்தது இதுவாக இருக்கலாம். உறைந்த பாட்டிலை 40 டிகிரி வெந்நீரில் வைத்தால் மெல்ல இளகும், அடுப்பில் நேரடியாகக் காய்ச்சாதீர்கள், மணமே போய்விடும். எடுத்த மாதத்தையும் உறைவது இயல்பு என்பதையும் லேபிளில் எழுதுங்கள். ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்பதையும் விடாதீர்கள், பொட்டுலிசம் என்ற கிருமி நச்சு நோய் வரும் அபாயம் உண்டு.

பதில் 3:
நான்கை எட்டாக்குங்கள், ஒரு வருடம் பாருங்கள், அதற்கு மேல் இப்போதைக்கு வேண்டாம். பலமான கூட்டத்தைப் பிரித்தே பெருக்கலாம், விலைக்கு வாங்க வேண்டியதில்லை. பிழிந்த வெற்று அடையை உடைக்காமல் திருப்பிக் கொடுங்கள், ஒரு கிலோ மெழுகு சுரக்க தேனீக்கள் பல கிலோ தேனைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. பூ இல்லாத காலத்துக்கு அவற்றின் பங்கை விட்டு வையுங்கள். ரொம்ப முக்கியம், நாம் எடுக்கும் தேன் சேரும் தட்டு பெட்டியின் மேலே இருக்கும்போது சர்க்கரைப் பாகு வைக்கவே வைக்காதீர்கள். அதையும் அவை அடையில்தான் சேர்க்கும், அப்புறம் கலப்படம் என்று சொல்பவரிடம் நாம் வாதாட முடியாது.

கேள்வி கேட்டவர்:
மழை வருகிறது என்று அவசரப்பட்டுப் பாதி மூடாத சட்டங்களையும் சேர்த்துப் பிழிந்தேன், இப்போது புரிகிறது. அந்த வாடிக்கையாளரிடம் நடந்ததைச் சொல்லி அடுத்த அறுவடையில் வேறு பாட்டில் கொடுக்கப்போகிறேன். கூட்டம் பிரிக்கும்போது புது ராணி முட்டையிட ஆரம்பிக்க எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும்?

பதில் 3:
புது ராணி வளரும் மெழுகு அறையோடு பிரித்தால் சுமார் மூன்று நான்கு வாரம். அதுவரை அடிக்கடி திறக்காதீர்கள்.