கேட்டு முடித்த பிறகு வந்த பதில்கள்: நேர்காணல் அனுபவங்கள்

வைகைக்கரை (பொது மருத்துவம்)

நேர்காணல் என்றதும் வேலைக்கு ஆள் எடுப்பதை மட்டுமே நினைக்கிறோம். நோயாளியிடம் நோயின் வரலாற்றைக் கேட்பதும், சாட்சியிடம் வாக்குமூலம் பெறுவதும், வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பதும் அதே வேலைதான். அவரவர் துறையில் இன்னும் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு சந்திப்பைப் பகிருங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலம். புறநோயாளிப் பிரிவில் திங்கட்கிழமைக் கூட்டம். ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா மூட்டு வலி என்று வந்து அமர்ந்தார். சர்க்கரை இருக்கிறதா, ரத்த அழுத்தம் இருக்கிறதா, நெஞ்சு வலி உண்டா, மூச்சு வாங்குமா என்று முதுநிலை மாணவர் ஒருவர் அடுக்கிக்கொண்டே போக, அந்த அம்மாவும் அதே வேகத்தில் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து, வாசல் திரையை ஒரு கையால் விலக்கிய பிறகு திரும்பி நின்று, "சும்மாதான் கேக்குறேன் டாக்டர், மூட்டு வலிக்கும் தாடை வலிக்கும் சம்பந்தம் இருக்குமா? மாடிப்படி ஏறுனா தாடை இழுத்துப் புடிக்குது, உக்காந்தா விட்டுருது" என்றார். முதுநிலை மாணவர் அதற்குள் அடுத்த நோயாளியின் பெயரை எழுதத் தொடங்கியிருந்தார். பக்கத்து மேசையில் இருந்த பேராசிரியரின் காதில் அது விழுந்தது. அந்த அம்மாவை மறுபடி உட்கார வைத்தார், ஈசிஜி எடுக்கப்பட்டது, அன்றே இதயப் பிரிவுக்கு அனுப்பப்பட்டார்.

நெஞ்சு வலி உண்டா என்ற கேள்விக்கு அவர் "இல்லை" என்றது முழு உண்மை. நெஞ்சில் அவருக்கு வலியே கிடையாது. இதய ரத்தக்குழாய் அடைப்பின் வலி தாடையிலோ கழுத்திலோ கையிலோ மட்டும் தெரியக்கூடும் என்பதை எங்கள் படிப்பில் எல்லோரும்தான் எழுதித் தேர்ச்சி பெற்றிருக்கிறோம். ஆனால் ஆம், இல்லை என்று மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்விகளுக்குள் அந்தத் தாடை நுழைய இடமே இல்லாமல் போயிற்று. பெக்மன், ஃபிராங்கல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 74 மருத்துவச் சந்திப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து 1984ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடிகளில் மருத்துவர் குறுக்கிட்டுவிடுகிறார் என்பதும், 23 சதவீதச் சந்திப்புகளில் மட்டுமே நோயாளி தொடக்கத்தில் சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடித்தார் என்பதும் அதன் முடிவுகள். எங்கள் பக்கத்துப் புறநோயாளிப் பிரிவில் 18 நொடி என்பதே தாராளம்.

களப்பணி (ஆய்வு மேற்பார்வை)

டாக்டர் சொல்வது சரிதான், ஆனால் கேள்வியைத் தன் விருப்பம்போல் விரித்துக் கேட்கும் சுதந்திரம் அவருக்கு இருக்கிறது. எங்களுக்கு ஒரு சொல்லைக்கூட மாற்ற அனுமதி கிடையாது. வினாத்தாளில் உள்ளதை உள்ளபடியே வாசிக்க வேண்டும். புரியவில்லை என்றால் மறுபடியும் அதையே வாசிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மாவட்டத்தின் எண்ணை இன்னொரு மாவட்டத்தோடு ஒப்பிட முடியாது.

ஒரு குடும்பநல ஆய்வுக்காகப் போயிருந்தோம். இத்தகைய ஆய்வுகளில் குடும்ப வன்முறை பற்றிய பகுதி வந்தால் விதிகள் கடுமையாகிவிடும் என்பது தெரிந்திருக்கும். தேசியக் குடும்பநல ஆய்வை எடுத்துக்கொண்டால், ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் அந்தப் பகுதியைக் கேட்பார்கள். அதுவும் தனிமை உறுதியான பிறகுதான். எங்கள் பணியாளர் அந்தப் பகுதியின் முதல் சில கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, மாமியார் ஒரு முறம் நிறைய முருங்கைக்கீரையோடு வந்து நிலைப்படியில் உட்கார்ந்து உருவத் தொடங்கிவிட்டார். பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி எங்கள் பெண் குரலை மாற்றாமல் குழந்தைகளின் தடுப்பூசிக் கேள்விகளுக்குத் தாவினார். பதில் சொல்லிக்கொண்டிருந்த பெண்ணும் ஒரு நொடிகூடத் தடுமாறாமல் போலியோவையும் தட்டம்மையையும் பற்றிப் பேசினார். மாமியார் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. நாங்கள் கிளம்பும்போது அந்தப் பெண் சிரித்த முகத்தோடு, "தடுப்பூசி எல்லாம் சொல்லிட்டேன் மேடம், மத்ததுதான் சொல்லல" என்றார்.

தனிமை கிடைக்கவில்லை என்று குறித்துவிட்டு வந்தோம். விதி அப்படித்தான், அந்த விதி இருப்பதும் அவருடைய பாதுகாப்புக்காகத்தான். ஆனாலும் அந்த வாக்கியம் எந்தக் கட்டத்திலும் பதிவாகவில்லை.

ஓசூர் ஆலை (மனிதவளம்)

மேலே இருவரும் சொன்னவை நெகிழ வைக்கின்றன, ஆனால் காது கொடுத்துக் கேட்பது மட்டுமே திறமை என்ற முடிவுக்கு யாரும் வந்துவிட வேண்டாம். எங்கள் துறையில் காது கொடுத்துக் கேட்டு ஏமாந்தவர்கள்தான் அதிகம்.

உதிரிபாக ஆலை ஒன்றில் சிஎன்சி, அதாவது கணினி வழி இயங்கும் கடைசல் இயந்திரத்தை இயக்கும் பணிக்குத் தேர்வு நடந்தது. ஐடிஐ முடித்த ஓர் இளைஞர் வந்தார். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றதும் பையனுக்கு வார்த்தை வரவில்லை. அப்பா என்ன செய்கிறார் என்று குழுத் தலைவர் கேட்டார். அது எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பிறகு உற்பத்திப் பிரிவிலிருந்து வந்திருந்தவர் ஷாஃப்ட் என்கிற உருளைத் தண்டு ஒன்றையும், அதை அளக்கும் வெர்னியர் காலிபரையும் மேசைமேல் வைத்து விட்டத்தை அளக்கச் சொன்னார். பையன் ஷாஃப்டைத் தொடவே இல்லை. காலிபரின் தாடைகளை முதலில் முழுதாக மூடி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சார், மூடுனாலே 0.04 காட்டுது. கழிச்சுச் சொல்லவா, இல்ல வேற காலிபர் தர்றீங்களா?" என்றார். மூடியிருக்கும்போது அது சுழியைத்தான் காட்ட வேண்டும். அதுவரை வந்த யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை. குழுவின் தீர்ப்பு என்னவென்றால், "கம்யூனிகேஷன் பத்தாது." அவரை எடுக்கவில்லை, நன்றாகப் பேசியவரை எடுத்தார்கள்.

ஆகவே இளம் மேலாளர்கள் யாராவது இதைப் படித்தால் சில சொல்ல விரும்புகிறேன். கேள்விகளை வேலையின் தன்மையிலிருந்து முன்கூட்டியே எழுதுங்கள். வருகிற எல்லோரிடமும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேளுங்கள். நல்ல பதில் எது, சுமாரான பதில் எது என்பதையும் ஆள் உள்ளே வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் எல்லோரும் மகான்களாகிவிடுவார்கள். இப்படி நடந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். குழுவில் உள்ள ஒவ்வொருவரும் மற்றவரோடு பேசுவதற்கு முன் தன் மதிப்பெண்ணை எழுதிவிட வேண்டும், ஏனென்றால் தலைவர் வாயைத் திறந்த பிறகு வருகிற மதிப்பெண்கள் எல்லாம் தலைவருடைய மதிப்பெண்கள்தான். அப்பா, சாதி, கல்யாணம் எதுவும் வேண்டாம். செய்து காட்டக்கூடிய வேலை என்றால் பேச்சைக் குறைத்துச் செய்யச் சொல்லுங்கள். இது என் சொந்தக் கருத்து மட்டும் அல்ல. 85 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்த ஷ்மிட், ஹண்டர் இருவரும் 1998ல் இப்படித் திட்டமிட்ட நேர்காணலுக்கும் பின்னர் வேலையில் காட்டும் திறனுக்கும் உள்ள தொடர்பை (முழுப் பொருத்தம் என்றால் 1) 0.51 என்றும், திட்டமிடாத நேர்காணலுக்கு 0.38 என்றும் கணக்கிட்டார்கள். சாக்கெட் குழுவினர் 2022ல் அந்தக் கணக்கைத் திருத்தியபோது முன்னது 0.42 ஆகவும் பின்னது 0.19 ஆகவும் இறங்கின. அதாவது இடைவெளி இன்னும் பெரிதாயிற்று.

துறைமுகத் தெரு (செய்தியாளர்)

மனிதவளத்துக்காரர் தன் கதையை ஒரு பத்தியிலும் அறிவுரையை அதைவிட நீளமாகவும் எழுதிவிட்டார். வரிசை மாறாத கேள்விகள் ஆலைக்குப் பொருந்தும். துக்கத்தில் இருப்பவரிடம் வரிசை எல்லாம் எடுபடாது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை சுனாமி வந்தது. மறுநாள் நாகப்பட்டினம் கீச்சாங்குப்பத்தில் இருந்தோம். ஒரு தொலைக்காட்சிக்காரர் மீனவர் ஒருவரின் முகத்துக்கு நேரே ஒலிவாங்கியை நீட்டி, இப்போது உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது என்று கேட்டார். அந்த மனிதர் பதில் பேசவில்லை. ஒலிவாங்கியைப் பார்த்தபடி நின்றார். அவர்கள் நகர்ந்ததும், என்னோடு வந்திருந்த மூத்த செய்தியாளர் குறிப்பேட்டைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, "படக எங்க கட்டியிருந்தீங்க?" என்றார். "எந்திரத்த வீட்டுக்குக் கொண்டு வந்துட்டீங்களா?" அவ்வளவுதான் கேட்டார். படகு இருந்த இடம், முதல் நாள் கழற்றி வைத்த எந்திரம், எந்திரத்தைப் பார்க்கப் போன மகன் என்று அவர் பேசத் தொடங்கினார். நடுவில் நீண்ட நேரம் பேச்சு நின்றது. எனக்கு அடுத்த கேள்வி நாக்கு நுனியில் இருந்தது. மூத்தவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மீனவர் தாமாகவே தொடர்ந்தார்.

உணர்ச்சியை நேராகக் கேட்டால் கிடைக்காது. பொருளைக் கேட்க வேண்டும், அதற்குப் பொருள் தெரிந்திருக்க வேண்டும். கரைக்கு வந்ததும் எந்திரத்தைக் கழற்றி வீட்டுக்குத் தூக்கி வருவார்கள் என்று தெரியாதவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க முடியாது.

கீழமை நீதிமன்றம் (குற்றவியல் வழக்கறிஞர்)

செய்தியாளர் நண்பரின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியை நீதிமன்றத்தில் கேட்டிருந்தால் நான் ஆட்சேபித்து எழுந்து நின்றிருப்பேன். எங்கே கட்டியிருந்தீர்கள் என்பதற்குள்ளேயே படகு இருந்தது, அது கட்டப்பட்டிருந்தது என்ற இரண்டு செய்திகள் ஒளிந்திருக்கின்றன. பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்பதுதான் எங்கள் தொழிலில் பெரும் கேடு. சாட்சியை அழைத்த தரப்பே கேட்கும் முதல் விசாரணையில் பதிலைச் சுட்டும் கேள்விகளைச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. எதிர்த்தரப்பு கேட்கும் குறுக்கு விசாரணையில்தான் அனுமதிக்கிறது.

ஒரு சாலை விபத்து வழக்கு. முச்சந்தியில் தேநீர்க் கடை வைத்திருந்தவர்தான் முக்கிய சாட்சி. லாரி மிக வேகமாக வந்து மோதியதாகக் காவல் துறை பதிவு செய்த வாக்குமூலத்தில் இருந்தது. அத்தகைய வாக்குமூலத்துக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 161ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 180ஆம் பிரிவு. அதில் சாட்சி கையெழுத்துப் போடக்கூடாது என்பது பலருக்குத் தெரியாது. கூண்டில் நின்று அவர், பால் பாத்திரத்தை இறக்கிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்ததாகச் சொன்னார். அப்படியானால் மோதுவதற்கு முன் லாரி வந்த வேகத்தை எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, எந்தக் கள்ளமும் இல்லாமல், "லாரி எவ்ளோ வேகமா வந்துச்சுன்னு போலீஸ்ல கேட்டாங்க, வேகமாத்தான் வந்துச்சுன்னு சொன்னேன்" என்றார். வழக்கு என் கட்சிக்காரருக்குச் சாதகமாகத்தான் முடிந்தது. ஆனால் ஓட்டுநர் உண்மையிலேயே வேகமாக வந்தாரா இல்லையா என்பது அந்தக் கேள்வியோடு அழிந்துபோய்விட்டது, அதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

லாஃப்டஸ், பால்மர் இருவரும் 1974ல் செய்த சோதனை இதையேதான் காட்டியது. ஒரே கார் விபத்துப் படத்தைப் பார்த்தவர்களில், கார்கள் இடித்துக்கொண்டபோது என்ன வேகம் என்று கேட்கப்பட்டவர்கள் மணிக்குச் சராசரியாக 34 மைல் என்றார்கள். மோதி நொறுங்கியபோது என்று கேட்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 41 மைல் என்றார்கள். இன்னொரு சோதனையில் ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்று கேட்டபோது, நொறுங்கியது என்ற சொல்லைக் கேட்டவர்களில் 50 பேருக்கு 16 பேர் ஆம் என்றார்கள். இடித்தது என்று கேட்டவர்களில் 7 பேர்தான். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. குழந்தைகள் விஷயத்தில், பாலியல் குற்றங்களிலிருந்து அவர்களைக் காக்கும் போக்சோ சட்டம் 2012 எச்சரிக்கையாக இருப்பது இதனால்தான்: வாக்குமூலம் வாங்கும் காவல் அலுவலர் சீருடையில் இருக்கக்கூடாது, நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் குழந்தையிடம் நேராகக் கேள்வி கேட்க முடியாது, நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். அந்த ஏற்பாடு எங்களுக்கு எரிச்சலாக இருக்கும், இருக்கட்டும்.

நேர்ப்புள்ளி (போட்டித் தேர்வர்)

நான் மேசைக்கு மறுபக்கம் உட்கார்ந்தவள். டெல்லி ஷாஜஹான் சாலையில் உள்ள தோல்பூர் இல்லத்தில் நடந்த, குடிமைப் பணித் தேர்வின் நேர்காணலான ஆளுமைத் தேர்வு. மொத்தம் 2025 மதிப்பெண்ணில் அதற்கு 275. விண்ணப்பத்தில் பொழுதுபோக்கு என்ற இடத்தில் கோலம் என்று எழுதியிருந்தேன். அதைப் பற்றிக் கேட்டதும், மரபு, பெண்கள், கணிதம் என்று தயாரித்து வைத்திருந்த உரையைத் தொடங்கினேன். குழுத் தலைவர் கையை லேசாக உயர்த்தி, தன் தாளையும் பென்சிலையும் என் பக்கம் தள்ளினார். நான் புள்ளி வைத்தேன். ஐந்து வரிசை முடியும்வரை யாரும் பேசவில்லை. கை நடுக்கம் அப்போதுதான் நின்றது. அதன் பிறகு கேட்கப்பட்ட வேலைவாய்ப்புக் கேள்விகளுக்கு மனப்பாடம் செய்ததைச் சொல்லவில்லை, நினைத்ததைச் சொன்னேன். அவர் என்னைச் சோதித்தாரா, எனக்கு மூச்சுவிட நேரம் கொடுத்தாரா என்பது தெரியவில்லை. ஓசூர் சாரின் காலிபர் கதையைப் படித்ததும் அந்தத் தாள்தான் நினைவுக்கு வந்தது.

ஓசூர் ஆலை (மனிதவளம்)

தங்கைக்கு ஒரு யோசனை. பொழுதுபோக்கு எழுதும்போது செய்து காட்டக்கூடியதை மட்டுமே எழுத வேண்டும். எழுதியதில் குறைந்தது மூன்று அடுக்குக் கேள்விகளுக்குத் தயாராக இருக்க வேண்டும். பதிலை இரண்டு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும், ஆனால் தொடர்ந்து மூன்று முறை சொல்லக்கூடாது. குழுவில் கேட்டவரை மட்டும் பார்க்காமல் எல்லோரையும் பார்த்துப் பேச வேண்டும். மாதிரி நேர்காணல்களில் கிடைக்கும் பாராட்டை நம்பக்கூடாது, அங்கே கட்டணம் வாங்குகிறவர்கள் பாராட்டத்தான் செய்வார்கள்.

நேர்ப்புள்ளி (போட்டித் தேர்வர்)

நன்றி சார். தேர்வு முடிந்து, முடிவும் வந்து, பணியிலும் சேர்ந்துவிட்டேன்.

களப்பணி (ஆய்வு மேற்பார்வை)

வழக்கறிஞர் ஐயாவுக்கு ஒரு சொல். நாங்கள் வினாத்தாளை வரிக்கு வரி வாசிப்பதைப் பலர் கிளிப்பிள்ளை வேலை என்கிறார்கள். நீங்கள் சொன்ன நொறுங்கியது, இடித்தது கணக்குதான் அதற்குக் காரணம். ஆனால் ஓசூர்க்காரருடன் எனக்கு உடன்பாடு இல்லை. எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டுவிட்டால் நியாயம் வந்துவிடாது. ஒரே கேள்வியை மாமியார் உட்கார்ந்திருக்கும் வீட்டிலும் இல்லாத வீட்டிலும் கேட்டால் அது இரண்டு கேள்வி. உங்கள் ஆலைத் தேர்விலும் அறையில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். உற்பத்திக்காரர் மட்டும் இருந்திருந்தால் அந்தப் பையன் திக்கியிருப்பாரா?

துறைமுகத் தெரு (செய்தியாளர்)

வழக்கறிஞருக்கு நானும் பதில் சொல்ல வேண்டும். அந்த மீனவரின் தோளில் நனைந்த கயிற்றுச் சுருள் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் மூத்தவர் படகைப் பற்றிக் கேட்டார், ஊகித்துக் கேட்கவில்லை. இரண்டாவது கேள்வியை, எந்திரத்தைப் பற்றியதை, நீங்கள் ஆட்சேபிக்கலாம். அதில் பதில் உள்ளே இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் வாக்குமூலம் வேறு, ஒரு மனிதர் பேசத் தொடங்குவது வேறு. மேலும் அவருடைய பெயர், வயது, ஊர் எல்லாவற்றையும் நாங்கள் கடைசியில்தான் கேட்டோம். இப்போது பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு அதையெல்லாம் முதலில் கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லித்தருகிறார்கள். படிவம் நிரப்பத்தான் அது உதவும் என்று நான் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.