பழைய புத்தகங்களுக்கு ரெக்சின் பைண்டிங் போடலாமோ? கெதியா பதில் தாங்கோ

வெள்ளவத்தை வாசகி:
எல்லாருக்கும் வணக்கம். கொழும்பில ஒரு சின்ன வாசிகசாலையில பகுதிநேரமா வேலை செய்யிறன், பேர் சொல்லேல்ல. பின்னறையில ரெண்டு இரும்பு அலுமாரியும் ஒரு றங்குப்பெட்டியும் நிறைய பழைய தமிழ் புத்தகம் கிடக்கு, அரைவாசி 1900க்கு முந்தினதெண்டு நினைக்கிறன். கனகாலமா ஒருத்தரும் திறக்கேல்ல. போன மாசம் திறந்தா வெள்ளிப்பூச்சி ஓடுது, சிலதில ஓட்டை ஓட்டையா அரிச்சிருக்கு, சிலது தொட்டாலே அப்பளம் மாதிரி நொருங்குது. இப்ப கமிட்டியில எல்லாத்தையும் ஒரே நிற ரெக்சின்ல பைண்ட் பண்ணி அடுக்கினா வடிவா இருக்கும், நொருங்கினதை எறியலாம் எண்டு சொல்லினம். எனக்கு மனசு கேக்குதில்ல, ஆனா ஏன் வேண்டாம் எண்டு விளங்கப்படுத்தவும் தெரியேல்ல. அடுத்த கூட்டத்துக்கு முதல் என்ன செய்யோணும்? இதை முறையா எங்கயாவது படிக்கேலுமோ?

ஏட்டுக்காரர்:
தங்கச்சி, முதல்ல பைண்டரிட்ட ஒரு புத்தகமும் போகாமப் பாருங்கோ. நான் 30 வருசம் கட்டலொக் வேலை பாத்தவன், பூச்சி தின்டதை விட பைண்டர் தின்டதைத்தான் கூடக் கண்டிருக்கிறன். சாதாரண பைண்டிங்கில முதுகை வெட்டி, மூண்டு பக்கமும் மெஷினில சீவி, பழைய அட்டையைக் குப்பையில போட்டிடுவினம். அந்த அட்டையின்ர பின்பக்கத்திலதான் அந்த அச்சுக்கூடம் வித்த மற்றப் புத்தகங்களின்ர விளம்பரம் விலையோட இருக்கும், சில நூல் இருந்துதெண்டதுக்கே அது ஒண்டுதான் சாட்சி. உள்தாளில ஆர் வைச்சிருந்தவை, எந்த ஊர், ஆர் ஆருக்குக் குடுத்தவை எண்ட கையெழுத்தும் அதோட போயிடும்.

கூட்டத்துக்கு முதல் ஒரு கொப்பி எடுத்து, இருக்கிறபடி ஒவ்வொண்டையும் எழுதுங்கோ. தலைப்புப் பக்கத்தைச் சுருக்காம அப்பிடியே எழுதோணும், "இன்னார் பரிசோதித்தது, இன்னாரது அச்சுக்கூடத்தில்" எண்டு இருக்கிறபடி (பரிசோதித்தது எண்டா பிழை பாத்துப் பதிப்பிச்சது). ஊர் பேரை விட்டிடாதேங்கோ. ஆறுமுக நாவலர் 1849ல சென்னையில அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில வித்தியாநுபாலன யந்திரசாலையைத் தொடங்கினவர், பிறகு அதே பேரில சென்னையிலயும் நடத்தினவர், அதால அச்சுக்கூடத்தின்ர பேரை மட்டும் எழுதினா எந்த ஊர்ப் பதிப்பெண்டு தெரியாது.

வருசம்தான் பெரிய கரைச்சல். பழைய தமிழ் எண்ணில ௲௮௱௬௰௯ எண்டிருந்தா அது 1869, சுகம். வெறும் "சுக்கில வருஷம்" எண்டு மட்டும் இருந்தா 60 வருசத்துக்கு ஒருக்கா வாற பேர், 1869ஆகவும் இருக்கலாம் 1929ஆகவும் இருக்கலாம், கடதாசியையும் எழுத்தையும் பாத்துத்தான் பிரிக்கோணும். சுக்கில வருஷம் தை மாதம் எண்டா 1870 ஆயிடும், ஏனெண்டா தமிழ் வருசம் சித்திரையில பிறக்குது. பக்கத்தையும் எண்ணுங்கோ. பக்க எண்ணை மட்டும் நம்பக்கூடாது, பெரிய தாளை மடிச்சு மடிச்சுத்தான் புத்தகம் தைக்கிறவை, ஒவ்வொரு மடிப்பும் தொடங்கிற பக்கத்தின்ர அடியில 8 பக்கத்துக்கோ 16 பக்கத்துக்கோ ஒருக்கா சின்னதா ஒரு எண் வரும், அந்த வரிசை அறுந்தா ஒரு மடிப்பே காணேல்ல எண்டு அர்த்தம்.

தெஹிவளை மழை:
நான் பூச்சியைப் பற்றி மட்டும் சொல்லுறன். கொழும்புக் காத்தில ஈரம் எப்பவும் கூட, 50 வீதத்தை அண்டி இருந்தா நல்லம், எங்களுக்கு 75, 80 சாதாரணம். பகல்ல ஏசி போட்டு இரவில நிப்பாட்டுறது போடாமலே இருக்கிறதை விட மோசம், கடதாசி விரிஞ்சு சுருங்கிக் கெட்டுப்போகும். அலுமாரியைச் சுவரில இருந்து அரை அடி தள்ளி வையுங்கோ, காத்தோட்டம் வேணும். பூச்சி இருக்கிற புத்தகத்தைப் பொலித்தீன் பையில காத்தில்லாமக் கட்டி மைனஸ் 20 பாகையில ரெண்டு கிழமை வைச்சா முட்டையும் செத்துடும், ஆனா ஈரப் புத்தகத்தையும் தோல் அட்டை போட்டதையும் அப்பிடி வைக்க வேண்டாம், வெளியில எடுத்தாலும் ஒரு நாள் போகமுன் பையைத் திறக்காதேங்கோ. கிழிஞ்சதுக்கு செலோடேப் ஒட்டவே ஒட்டாதேங்கோ அக்கா, அந்தப் பசை மஞ்சளாகி எழுத்தோட ஊறிப்போகும். நொருங்கிறது ஏனெண்டா 19ஆம் நூற்றாண்டின்ர பின்பகுதியில மரக்கூழ்க் கடதாசி வந்திட்டுது, அதுக்குள்ள அமிலம். அதுக்கு முந்தின கந்தல் துணிக் கடதாசி இப்பவும் திடமா இருக்கும், உங்கட அலுமாரியிலயே பழையது புதுசை விட நல்லா இருக்கிறதைக் காணுவீங்கள்.

கோட்டை ரயில்:
எல்லாம் சரி, ஆனா ஸ்கேன் பண்ணாம வைச்சிருந்து என்ன பயன்? 1981ல யாழ்ப்பாணம் நூலகம் எரிஞ்சபோது 97,000 வரை புத்தகமும் சுவடியும் போச்சு, ஒரு ஊரில ஒரு பிரதி மட்டும் இருக்கிறது எவ்வளவு ஆபத்தெண்டு எங்களுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்ல. "நூலகம்" எண்ட திட்டம் 2005ல இருந்து இலங்கைத் தமிழ் புத்தகங்களை இணையத்தில ஏத்திக்கொண்டு வருது, அவையோட கதையுங்கோ. சென்னையில ரோஜா முத்தையா நூலகமும் கோட்டையூரில ஒரு தனி மனுசர் சேத்த புத்தகங்களில இருந்துதான் வந்தது.

ஏட்டுக்காரர்:
தம்பி சொல்லுறது சரி, ஸ்கேன் கட்டாயம் செய்யோணும். ஆனா ஸ்கேன் எடுத்த பிறகும் புத்தகம் இருக்கோணும். கமிட்டி "படம் எடுத்தாச்சு, இனி எறியலாம்" எண்டு வெளிக்கிடும், அங்க விடாதேங்கோ. படத்தில கடதாசியும் தெரியாது, தையலும் தெரியாது. தட்டையா அமத்தி ஸ்கேன் எடுக்காம மேல இருந்து கமராவில எடுங்கோ, முதுகு முறியாது.

படிக்கிறதெண்டா இலங்கை நூலகச் சங்கம் 1960ல இருந்து இருக்கு, அங்க டிப்ளோமா படிக்கலாம். கொழும்புப் பல்கலைக்கழகத்திலயும் நூலக விஞ்ஞானத்துக்கெண்டே ஒரு நிறுவனம் இருக்கு. அரிய நூலுக்கெண்டே தனிப் படிப்பு வெளியிலதான், வேர்ஜீனியாவில உள்ள ரெயார் புக் ஸ்கூல் 1983ல நியூயோர்க்கில தொடங்கி 1992ல அங்க போனது, ஒரு கிழமைப் பாடங்கள் நடத்துது. அதுக்கு முதல் தேசிய நூதனசாலை நூலகத்துக்கு ஒருக்கா போங்கோ, 1885 சட்டத்தால இங்க அச்சான புத்தகங்கள் அங்க சேந்திருக்கு. உங்கட பிரதியோட வைச்சு ஒப்பிட்டுப் பாக்கிறதைப்போல ஒரு படிப்பு வேற இல்ல.

வெள்ளவத்தை வாசகி:
ஐயா, எல்லாருக்கும் பெரிய நன்றி. இண்டைக்கு 14 புத்தகம் எழுதி முடிச்சன். ஒரு தடிப்புப் புத்தகத்தை ஒண்டெண்டு நினைச்சிருந்தனான், நீங்கள் சொன்ன அடி எண்ணைப் பாத்தா நடுவில திரும்ப ஒண்டில இருந்து தொடங்குது, மூண்டு வேற வேற சின்னப் புத்தகத்தை ஆரோ சேத்துத் தைச்சிருக்கினம், பழைய பதிவேட்டில முதலாவதின்ர பேர் மட்டும்தான் இருக்கு. மற்ற ரெண்டும் இவ்வளவு காலமும் கணக்கிலயே இல்ல. இந்தப் பக்கங்களைப் படமெடுத்துக் கூட்டத்துக்குக் கொண்டுபோறன்.