ஸ்கோரோபிஸ்: உக்ரைனியப் பழைய கையெழுத்தை வாசிப்பது எப்படி?

கேள்வி:
ஹெத்மான், அதாவது கோசாக்கு என்னும் உக்ரைனியப் போர்வீரர் சமூகத்தின் தலைவர், போஹ்தான் ஹ்மெல்னித்ஸ்கி காலத்து ஆணை ஒன்றின் படத்தை இரண்டு நாள்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உக்ரைனிய மொழியை எழுதும் சிரிலிக் எழுத்தை அச்சில் ஓரளவு வாசிக்கத் தெரிந்த எனக்கு, இதில் ஒரு வரிகூடப் பிடிபடவில்லை. சொற்கள் ஒட்டிக் கிடக்கின்றன. சில எழுத்துகள் வரிக்கு மேலே தனியாக நிற்கின்றன. இது அவசரத்தில் கிறுக்கியதா, பயின்று எழுதியதா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
பயின்ற கைதான், ஐயா. ஸ்கோரோபிஸ் என்ற சொல்லுக்கே விரைவெழுத்து என்றுதான் பொருள். தேவாலய நூல்களுக்கு உஸ்தாவ் என்னும் நிமிர்ந்த எழுத்தும் அதன் தளர்ந்த வடிவமும் வழக்கில் இருந்தன. 1556 முதல் 1561 வரை எழுதப்பட்ட பெரசோப்னித்ஸ்யா நற்செய்தி என்னும் கையெழுத்து நூல் அத்தகைய தேவாலய நூல்களுள் ஒன்று. நீதிமன்றங்களிலும் ஆட்சி அலுவலகங்களிலும் ஏடுகள் பெருகி, தோலின் இடத்தைத் தாள் பிடித்தபோது, வாத்து இறகைத் தாளிலிருந்து அதிகம் எடுக்காமல் ஓட்டும் இந்தக் கை வளர்ந்து, 17ஆம் நூற்றாண்டில் கோசாக்கு அலுவலகங்களில் செழித்தது. போலந்து வழியே வந்த இலத்தீன் கையெழுத்தின் சாயலும் அதில் உண்டு.

மேலே நிற்பவை பெரும்பாலும் மெய்யெழுத்துகள். 'இருந்து' என்று பொருள்படும் 'ஒத்' என்ற சொல்லைப் பாருங்கள்: கீழே அகன்ற ஓர் உயிரெழுத்து, அதன் தலைமேல் சிறிய 'த்'. அதை அதன் இடத்துக்கு இறக்கி வாசித்தால் சொல் தானாகப் பிரியும். ஒரே எழுத்து ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று உருவங்களில் வருவதும் பிழையன்று. பக்கத்து எழுத்துக்கு இசைவாக எழுத்தர் தேர்ந்துகொண்டதே. எனக்கு இக்கலையில் மிகவும் பிடித்தது இந்தச் சுதந்திரம்தான்.

மறுமொழி 2:
ஒன்று சேர்க்கிறேன். மாசிக்காயும் இரும்பு உப்பும் கலந்த மை காலப்போக்கில் பழுப்பேறிவிடும். ஆகவே படத்தின் கருமையைக் கூட்டிப் பாருங்கள். 1764இல் ஹெத்மான் பதவியே ஒழிக்கப்பட, இந்தக் கையைப் பேணிய அலுவலகங்களும் மறைந்தன. பின்னாளில் உக்ரைனிய ஓவியர் ஹெயோர்ஹி நார்புத் (1886–1920) பழைய ஏடுகளின் எழுத்துருவங்களைத் தம் ஓவியங்களுக்குள் மீண்டும் கொண்டுவந்தார்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கருமையைக் கூட்டி, மேலெழுத்துகளை இறக்கி, அடியிலிருந்து தொடங்கினேன். ஆணையை எழுதியவர் கை வேறு, கையொப்பமிட்ட கை வேறு என்பது இப்போதுதான் தெரிகிறது. பெயரை அடுத்து 'ருகா வ்லாஸ்னா', அதாவது 'சொந்தக் கை', என்று இருப்பதை நானே வாசித்துவிட்டேன்.