மறுமொழி: எஸ்.ஆர்.எல்.ஜிக்குத் தமிழ் – "கூட்டிடர்" எண்டு வச்சால் என்ன?

வணக்கம் எல்லாருக்கும்,

மூண்டு நாளா மடலுகளை வாசிச்சுக்கொண்டுதான் இருந்தனான், எழுத நேரம் கிடைக்கேல்ல. புதுசா வாசிக்கிற ஆக்களுக்கு: எஸ்.ஆர்.எல்.ஜி எண்டால் ஒரே ஒரு இடர் வந்தால் சேர்ந்தே படுக்கிற நெட்வொர்க் இணைப்புகள், அதுக்குத்தான் தமிழ்ச் சொல் தேடுறம். வந்த யோசனையள் ரெண்டுக்கு என்ர மறுமொழி கீழ.

> ஷெயார்ட் ரிஸ்க் லிங்க் குரூப் = பகிர்ந்த இடர் இணைப்புக் குழு

அண்ணை, குறை நினையாதேங்கோ, இது ஒரு சொல் இல்லை, நாலு சொல்லைக் கயித்தால கட்டி வச்ச மாதிரிக் கிடக்கு. "பகிர்ந்த" எண்டால் ஆரோ விரும்பிப் பங்கு போட்டது போல. இஞ்ச ஆரும் ஒண்டையும் பகிரேல்ல, ரெண்டு ஃபைபரும் ஒண்டை ஒண்டு தெரியாமலே ஒரே குழிக்குள்ள படுத்துக் கிடக்குது, அவ்வளவுதான்.

எங்கட மண்ணில வச்சுப் பாப்பம். வன்னியிலயிருந்து குடாநாட்டுக்கு ஒரு கேபிளை ஏ9 ரோட்டோரமும் மற்றதை ரயில் பாதையோரமும் போடுறம் எண்டு வையுங்கோ (ஆற்ற கேபிள் எதால போகுதெண்டு நான் சொல்ல வரேல்ல, உதாரணம்தான்). படத்தில ரெண்டு கோடு, ரெண்டு நிறம், வளையம் பூட்டியாச்சு, ஒண்டு அறுந்தால் 50 மில்லிசெக்கனுக்குள்ள மற்றப் பக்கத்தால மாறிடும் எண்டு எல்லாருக்கும் சந்தோசம். ஆனா ரோட்டும் ரயிலும் ஆனையிறவில ஒரே ஒடுங்கின கழுத்தாலதானே கடக்குது, அதை வெள்ளம் அரிச்சால் ரெண்டும் சேர்ந்தே போச்சு. ஒண்டைப் பூநகரிப் பக்கம் திருப்பி, 2011 இல திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தால கொண்டு வந்தால்தான் உண்மையில ரெண்டு வழி. பகிடி என்னெண்டால், வெட்டினா வலை ரெண்டாப் பிரியிற ஒற்றை இணைப்புக்குக் கிராஃப் தியரியிலயும் (வலையைப் புள்ளியும் கோடுமாப் பாக்கிற கணிதம்) பேர் பாலம்தான். அந்தப் பாலம் இன்னொரு கோடு கீறினவுடன இல்லாமப் போகும். ஆனையிறவு போகுமே?

வெளியிலயும் இதே கதைதான். 2001 ஜூலை 18 அமெரிக்காவில பால்டிமோர் ரயில் சுரங்கத்துக்குள்ள கூட்ஸ் ரயில் தடம்புரண்டு தீப்பிடிச்சு, அதுக்குள்ளால போன பல கம்பனியளின்ர ஃபைபர் ஒண்டா எரிஞ்சுது. 2008 ஜனவரி 30 எகிப்தின்ர அலெக்சாந்திரியாக் கடல்ல சீ-மீ-வீ 4, ஃபிளாக் எண்ட ரெண்டு கடலடிக் கேபிளும் ஒரே நாளில அறுந்து இந்தியா வரைக்கும் இன்டர்நெட் படுத்திட்டுது. பேர் வேற, முதலாளி வேற, கடல் ஒண்டு.

இப்ப சொல்லுக்கு வாறன். என்ர யோசனை கூட்டு + இடர் = "கூட்டிடர்". எனக்குக் "குழு" வேண்டாம். ஏன் எண்டால் நடைமுறையில நம்பர் குடுக்கிறது இடருக்கு, ஒவ்வொண்டுக்கும் 32 பிட் எண், ஒரே இணைப்பு பல எண்ணுக்குக் கீழ வரலாம், ஆனையிறவுக்கு ஒண்டு, அங்கால ஒரு மதகுக்கு ஒண்டு, கேபிள் போய் ஏறுற கட்டடத்துக்கு இன்னொண்டு. குழு எண்டு சொன்னாப் பெடியள் ஒரு கேபிள் ஒரு குழுவிலதான் இருக்கும் எண்டு நினைச்சுக்கொள்ளுவினம். "கூட்டிடர் 7" எண்டால் அந்தக் குழப்பம் இல்லை. "இந்த ரெண்டு தடத்துக்கும் கூட்டிடர் இருக்கோ?" எண்டு வாயால கேக்கவும் ஏலும்.

> உடன்முறி எண்டு சின்னதா வைக்கலாமே, உடன்பிறப்பு மாதிரி

தங்கச்சி, வடிவான யோசனை, ஆனா ரெண்டு சிக்கல். "உடன்" எண்டால் எங்கட சனத்துக்கு முதல்ல ஞாபகம் வாறது உடனடி. மற்றது, கொப்பு முறியும், கண்ணாடி உடையும், நார் அறும். உள்ள கண்ணாடிதான் எண்டாலும் ஃபைபர் வேலை செய்யிற ஒருத்தரும் கேபிள் முறிஞ்சுது எண்டு சொல்லி நான் கேக்கேல்ல. அதோட இலங்கை மத்திய வங்கிப் பிணைமுறி ஊழல் கதைக்குப் பிறகு முறி எண்டால் எல்லாருக்கும் பிணைமுறிதான். சேர்ந்தறு எண்டு மாத்திப் பாத்தன், ஆனா கட்டடத்தில தீப்பிடிச்சா, கரண்ட் போனா ஒண்டும் அறாது, செத்துத்தான் போகும். அதால இடர் எண்டே நிக்கட்டும்.

என்ர சொல்லிலயும் பழுது இருக்கு. நேற்று ஃபோனில ஒருத்தருக்குச் சொல்ல, "ஆர் கூட்டிட்டார், முற்றத்தையோ?" எண்டு கேட்டார். எழுத்தில பிரச்சினை இல்லை எண்டு நினைக்கிறன்.

கூட்டிடர் ஒண்டும் இல்லாத ரெண்டாவது வழிக்குத்தான் இன்னும் சொல் கிடைக்கேல்ல. "மாற்றுத்தடம்" காணாது, ஏ9 ஓரத்தில கிடக்கிறதுக்கு ரயில் ஓரத்தில கிடக்கிறதும் மாற்றுத்தடம்தானே. "விலகுதடம்" எண்டு ஒண்டு மனசில ஓடுது, தமிழ்நாட்டு ஆக்களுக்கு எப்பிடிக் கேக்குதெண்டு சொல்லுங்கோ.

பி.கு: ஒளியியல் நாரோ ஒளியிழையோ எண்ட சண்டையை இந்த இழைக்குள்ள கொண்டு வராதேங்கோ, அதுக்கு வேற மடல் போடுவம்.