ஸீஸீ டாப்: 1990-க்கு அப்புறம் வந்த ஆல்பங்களில் எதைக் கேட்பது?

பாம்பன் வடகடல்:
மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை படகு கரையில்தான், மராமத்து வேலை போக நிறையப் பொழுது கிடைக்கிறது. டெக்சாஸ்காரர்கள் மூன்று பேரின் ராக் குழுவான ஸீஸீ டாப்பை (ZZ Top) 1973-ல் வந்த ட்ரெஸ் ஓம்ப்ரெஸ் தொடங்கி வரிசையாகக் கேட்டு வந்தேன், 1983-ன் எலிமினேட்டர் வரை ஒரு குறை சொல்ல மாட்டேன். அப்புறம் ஆஃப்டர்பர்னர், ரீசைக்ளர் இரண்டையும் கேட்டு மனசு விட்டுப்போனது. எங்கும் சிந்தசைசர் என்கிற மின்னணுக் கீபோர்டு ஒலி, கிதாரைத் தேட வேண்டியிருக்கிறது. அதோடு நிறுத்திவிடு என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள். ஆனால் அதே மூன்று பேர் 2021 வரை பிரியாமல் சேர்ந்து வாசித்திருக்கிறார்கள், அத்தனை வருஷத்தில் கேட்கிற மாதிரி ஒன்றுமே இல்லையா?

கீழக்கரை காக்கா:
நிறுத்தாதீங்க தம்பி. நேராக 1996-ன் ரிதமீனுக்குப் போங்கள். நான் துபாயில் வேலை பார்த்தபோது கேசட்டாக வாங்கியது, இன்றும் அலுக்கவில்லை. மெஷின் மினுக்கெல்லாம் போய் கிதார், பேஸ், டிரம் மூன்றும்தான் முன்னால் நிற்கின்றன. பில்லி கிப்பன்ஸ் கிதாரை அவ்வளவு கனமாக, கரகரவென்று வைத்திருக்கிறார், வல்லத்து எஞ்சின் மெதுவாக ஓடும்போது பலகை வழியாக உள்ளங்காலில் ஏறுமே ஓர் அதிர்வு, அது மாதிரி. மனசில் ஒட்டுகிற ராகம் குறைவு, அது உண்மை. ஆனால் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே டிரம்மர் ஃபிராங்க் பியர்ட் விடுகிற இடைவெளியைக் கவனியுங்கள், ப்ளூஸ் என்கிற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை அங்கேதான் இருக்கிறது. செல்போன் ஸ்பீக்கரில் கேட்டால் பாதி காணாமல் போய்விடும், நல்ல ஹெட்போன் அவசியம்.

தேவிபட்டினம் டீச்சர்:
காக்கா சொன்னது சரி, ஆனால் 1994-ன் ஆன்டெனாவைத் தாண்டிக் குதிக்காதீர்கள். அதன் பெயருக்குப் பின்னால் நம் கரைக்காரர்களுக்கு உடனே புரிகிற விஷயம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஏ.எம். நிலையங்களுக்கு 50,000 வாட்தான் உச்சவரம்பு, அதனால் எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவில் அதைவிடப் பெரிய சக்தியோடு கோபுரங்களை நட்டு வடக்கே பார்த்து ஒலிபரப்பினார்கள். எக்ஸ் எழுத்தில் தொடங்கும் அந்த நிலையங்களில்தான் இவர்கள் சின்ன வயதில் ப்ளூஸ் கேட்டார்கள். 1975-ன் ஃபாண்டாங்கோவிலேயே அதைப் பற்றி ஒரு பாட்டு உண்டு, ஆன்டெனா அதே வானொலிகளுக்கு வைத்த வணக்கம். மதுரை நிலையத்தைவிட இலங்கை வானொலி துல்லியமாகக் கேட்ட வீட்டில் வளர்ந்தவள் நான். கடல் தாண்டி வந்த குரல் ஒருவருக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் அந்த ஆல்பத்தின் மேல் எனக்குத் தனிப் பாசம். சில பாட்டுகள் சாதாரணம்தான். ஆனாலும் கிதார் கரைக்குத் திரும்புவது இதில்தான் தொடங்குகிறது.

தொண்டி கச்சான்:
எனக்கு ரிதமீனைவிட 2012-ன் லா ஃபியூச்சுரா ஒரு படி மேல். அதற்கு முந்தைய ஆல்பமான மெஸ்கலேரோ வந்து ஒன்பது வருஷம் கழித்து, ரிக் ரூபின் தயாரிப்பில், பத்தே பாட்டு, நாற்பது நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். முதல் பாட்டு 1990-களின் ஹூஸ்டன் ராப் பாட்டு ஒன்றை ப்ளூஸாக மாற்றிக் கட்டியது. சொந்த ஊர்ப் பையன்களின் பாட்டை அறுபது வயது தாண்டியவர்கள் எடுத்து, அது தங்களுடையதே என்கிற மாதிரி வாசிக்கிறார்கள். கிப்பன்ஸின் குரல் நன்றாகத் தேய்ந்திருக்கிறது, அந்தத் தேய்மானம்தான் மெதுவான பாட்டுகளுக்கு உயிர். 2003-ன் மெஸ்கலேரோவில் ஸ்பானியப் பாட்டு, மாரிம்பா என்கிற மரக்கட்டை வாத்தியம் என்று எல்லையோர வாசனை நன்றாக இருக்கும், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது, பாதியை வெட்டியிருக்கலாம். 1999-ன் டிரிபிள் எக்ஸ் வேண்டாம்.

சிந்தசைசர் மேலேயே எல்லாப் பழியையும் போடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. எலிமினேட்டரிலும் மெஷின் தாளம் இருக்கிறது, அங்கே பாட்டு வலுவாக இருந்ததால் தாங்கியது.

பாம்பன் வடகடல்:
மூன்றையும் கேட்டுவிட்டேன். ரிதமீன் இரண்டு முறை. காக்கா சொன்ன இடைவெளி முதலில் பிடிபடவில்லை, ராத்திரி கரையில் படகுக்குள் படுத்துக்கொண்டு ஹெட்போனில் கேட்டபோது புரிந்தது. லா ஃபியூச்சுராவின் மெதுவான பாட்டு ஒன்று கண்ணைக் கலங்க வைத்துவிட்டது. டீச்சர், ஆன்டெனா இன்னும் முழுசாக மனசுக்குள் இறங்கவில்லை, இன்னொரு தரம் கேட்கிறேன்.

கீழக்கரை காக்கா:
அப்படியே 2022-ன் 'ரா' (Raw) ஆல்பத்தையும் கேட்டுவிடுங்கள். பழைய பாட்டுகள்தான், ஆவணப்படத்துக்காக டெக்சாஸின் பழைய நடனக்கூடம் ஒன்றில் மூவரும் ஒன்றாக நின்று வாசித்தது. டஸ்டி ஹில் 2021 ஜூலையில் இறந்துபோனார், ஆல்பம் வந்தது அடுத்த வருஷம். அவர் பேஸை மட்டும் ஒரு தரம் தனியாகக் கவனித்துக் கேளுங்கள் தம்பி.