இருபது பாட்டு ஒரே தட்டில்: வாங்கலாமா?

பதுளை_ரயில்: பண்டாரவளையில் ஒருவர் பழைய எல்பி இசைத்தட்டுகள் விற்கிறார். பாதிக்கு மேல் கே-டெல் கம்பெனியின் தொகுப்புகள் (பலருடைய பாட்டுகளை ஒரே தட்டில் சேர்த்தவை), எழுபதுகளின் ஆங்கில பாப், ராக் ஹிட்டுகள். காசைக் கரியாக்காதீர்கள். ஒரு பக்கத்துக்கு 22 நிமிடம்தான் நன்றாகக் கொள்ளும். அதில் பத்துப் பாட்டை அடைக்க, ஒரு சரணத்தை வெட்டுவார்கள், இல்லாவிட்டால் முடிவைச் சீக்கிரம் மங்கவிடுவார்கள். ஊசி ஓடும் வரிப்பள்ளங்களும் நெருங்கிப்போய் சத்தம் அமுங்கிவிடும்.

ஹட்டன்_மச்சான்: தம்பி, தேயிலைத் தோட்ட லயத்தில் வளர்ந்தவனுக்கு முழு ஆல்பம் எங்கே கிடைத்தது? ரேடியோவை விட்டால், இப்படியான தட்டிலிருந்து யாரோ கெசட் நாடாவில் பதிந்து கொடுத்ததுதான். வெட்டியது எங்களுக்குத் தெரியாது, பாட்டே அவ்வளவுதான் என்று நினைத்தோம்.

பதுளை_ரயில்: அதைத்தானே அண்ணே சொல்கிறேன், ஏமாற்றியிருக்கிறார்கள்!

ஹட்டன்_மச்சான்: ஏமாந்தவன் இன்னும் அதே பாட்டைப் பாடிக்கொண்டு திரிகிறேன். நல்லா இருக்கட்டும் அவர்கள்.

நானுஓயா_குளிர்: இரண்டு பேரும் கொழுந்தையும் முற்றிய இலையையும் ஒரே கூடையில் போடுகிறீர்கள். கே-டெல், கனடாவின் வின்னிபெக்கில் பிலிப் கைவ்ஸ் தொடங்கியது. டிவி விளம்பரத்தில் ஒட்டாத சட்டி விற்றவர், 1966இல் 25 கன்ட்ரி (அமெரிக்க கிராமியப் பாணி) பாட்டுகளைத் தொகுத்து விற்றுப் பார்த்தார். அது ஓடியது, அப்புறம் வரிசையாக வந்தன. வோர்னர் பிரதர்ஸ் இசைத்தட்டுக் கம்பெனி செய்தது வேறு. 1969இல் தொடங்கி, தன் பாடகர்களை அறிமுகப்படுத்த இரட்டை எல்பியை 2 டொலருக்குத் தபாலில் அனுப்பியது. அதில் நஷ்டம் வந்தாலும், கேட்டவர் முழு ஆல்பம் வாங்குவார் என்ற கணக்கு. ஹிட் ஆகாத நல்ல பாட்டுகள் அவற்றில்தான் இருக்கின்றன. (குட்இயர் டயர் கடைகளில்கூட 1961 முதல் நத்தார் பாட்டுத் தட்டுகள் விற்றார்கள்!)

பதுளை_ரயில்: வோர்னர் தட்டு கிடைத்தால் நானே வாங்குவேன். பண்டாரவளையில் இருப்பது அதுவல்லவே. இன்னொன்று, சில தொகுப்புகளின் அட்டையில் 'அசல் பாடகர்கள்' என்று இருக்கும். போட்டுக் கேட்டால் அதே ஆள் பல வருஷம் கழித்துத் திரும்பப் பாடியது.

ஹட்டன்_மச்சான்: அதில் எனக்கும் கோபம்தான். பின்பக்கச் சின்ன எழுத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அதற்காக எல்லாவற்றையும் குப்பை என்பதா? விலை என்ன?

பதுளை_ரயில்: ஒன்று 1,500 ரூபாய். மூன்று எடுத்தால் குறைப்பாராம்.

ஹட்டன்_மச்சான்: நம்ம ஊர் ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடித்திருக்கும், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சுத்தமாக இருந்தால் எனக்கு மூன்று எடுத்து வையுங்கள்.

பதுளை_ரயில்: எடுத்து வைக்கிறேன் அண்ணே. குப்பைதான் என்பதில் மாற்றமில்லை.